மறைந்தவர்களுக்கு நான்கு வரி

ஆசிரியருக்கு,

உங்கள் இதழில் ‘2018-ல் மறைந்தவர்கள்’ பக்கம் கண்டேன். கருணாநிதிக்கு அரைப் பக்கம். சரி, அது அவருக்கு உரியதுதான். ஆனால் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவனையும், பாரம்பரிய நெல் விதைகளை மீட்டெடுத்த ‘நெல்’ ஜெயராமனையும் தபால்தலை அளவுப் படம், பிறப்பு, இறப்புத் தேதிகளோடு முடித்துவிட்டீர்கள். என்ன செய்துவிட்டுப் போனார்கள் என்பதல்லவா வேண்டும்? திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் உறவினர்கள், ஜெயராமனின் நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கி மறு வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்தவர்கள். 2018-ல் கஜா புயல் அடித்த பிறகும் அவர்கள் வயலில் மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல் நின்றது.

டிசம்பர் 21-ல் மறைந்த எழுத்தாளர் பிரபஞ்சன் பெயரோ பக்கத்திலேயே இல்லை. முன்கூட்டியே தயாரித்திருப்பீர்கள் போலும். இனி இப்பக்கத்தை ஜனவரி முதல் வாரத்தில் வெளியிடலாம். ஒவ்வொருவரின் பணிக்கும் நான்கு வரியாவது ஒதுக்கலாம்.

- வாசகர், திருவாரூர்