பலாலிக்கே வா, மகள்

அன்புள்ள மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் மருமகனும் குட்டியும் நலமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். சென்னையிலிருந்து கொழும்பு வழியாக யாழ்ப்பாணம் வந்தால் ரிக்கெட் மலிவாக இருக்கிறது, அப்படியே வரட்டுமா என்று கேட்டிருந்தாய். பணத்தைக் கட்டுவதற்கு முன்னர் ஒரு தேசப்படத்தை விரித்து, சென்னைக்கும் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவுக்கும் இடையே அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்துப் பார். அந்தக் கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேலாக, நம் விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு மிக அருகே செல்வதைக் காண்பாய்.

நேர்கோட்டில் சென்னையிலிருந்து பலாலி ஏறத்தாழ 355 கிலோமீற்றர். கட்டுநாயக்கா ஏறத்தாழ 645 கிலோமீற்றர். ஆனாலும் இரண்டு பயணத்துக்கும் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் என்றே ரிக்கெட்டில் போட்டிருப்பதைக் கண்டு நீ குழம்பியிருக்கலாம். பலாலிக்கு வருவது மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 என்னும் சிறிய, விசிறி பூட்டிய விமானம்; கொழும்புக்குச் செல்வது அதைவிட மிக வேகமான ஜெற் விமானம். அதோடு, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதற்கும் மேலே ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் நேரம் தூரத்தைப் பார்த்துக் குறைவதில்லை. ஆகையால் இவ்வளவு குறுகிய பயணத்தில் ஜெற் வந்தாலும் பெரிதாக எதுவும் மிச்சமாகாது.

நீ கணக்கில் சேர்க்க வேண்டியது இறங்கிய பிறகு வரும் நேரத்தை. கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியே 400 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். இரவு பஸ்ஸில் எப்படியும் எட்டு மணி நேரமாகும். கைக்குழந்தையோடு அந்தப் பஸ்ஸில் நீ வருவதை நினைக்கவே எனக்கு மனம் ஒப்பவில்லை. பலாலியில் இறங்கினால் பட்டணத்துக்கு அரை மணி நேரம் போதும்.

1947 டிசம்பர் 10ஆம் திகதி இலங்கையின் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து நம் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாகத்தான் மதராசுக்குப் பறந்தது. பின்னர் போர் வந்து, வடக்கே போக வேண்டிய நம் சனம் முதலில் தெற்கே கொழும்புக்குப் போய்த்தான் சென்னைக்குப் பறக்க வேண்டியிருந்தது. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, கொரோனாவால் மீண்டும் நின்று, 2022 டிசம்பரில் சேவை திரும்ப வந்தபோது நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்பதை நீ அறிவாய். கிடைத்த வழியை நாமே பயன்படுத்தாவிட்டால் அது எப்படி நிலைக்கும்?

சிறிய விமானமாதலால் எத்தனை கிலோ பொதி கொண்டுவரலாம் என்பதை ரிக்கெட்டில் பார்த்துக்கொள். மாரியில் வருவதானால் வானிலையால் பயணம் தள்ளிப்போகக்கூடும். திரும்பிய மறுநாளே மருமகன் வேலைக்குப் போகும்படி நாளைக் குறிக்க வேண்டாம். சென்னையின் வாகன நெரிசலையும் மனத்தில் வைத்து, புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே மீனம்பாக்கத்துக்குப் போய்விடுங்கள். இரு நாடுகளுக்கும் கடிகாரம் ஒன்றே என்பதால் ரிக்கெட்டிலுள்ள நேரத்தை அப்படியே எனக்கு எழுதி அனுப்பு, வாகனத்துக்குச் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா