கிரேக்கத்துக் கற்களும் அக்காவின் சாப்பாடும்: தோழிக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்

அன்புள்ள தோழிக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, கடற்கரைச் சாலையில் மீண்டும் காலை நடைக்குப் போகத் தொடங்கியிருக்கிறாய் என்று படித்ததும் மனம் நிம்மதி அடைந்தது. பேத்தி வரலாறு படிக்கத் தேர்ந்தெடுத்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. யார் என்ன சொன்னாலும் அவள் மனத்தைக் கலைக்க விடாதே. இங்கு எல்லோரும் நலம். நானும் அக்காவும் கிரேக்க நாட்டுக்கு அவ்வளவு தூரம் போய் இடிந்த கற்களைத்தான் பார்த்துவிட்டு வந்தோமா, சைவமான அக்கா அங்கே என்னதான் சாப்பிட்டார் என்று நீ கேட்டிருந்தாய். அந்த இரண்டு கேள்விகளுக்கும் விரிவாகவே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியதால்தான் இந்தக் கடிதம் இத்தனை நாள் தாமதமாகிவிட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லானாலும் காய்கறியானாலும், எந்த இடத்தில் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை அந்த நாட்டில் நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள். ஊர் திரும்பிய பிறகும் என் நினைவில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

அக்காவின் சாப்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். நாங்கள் போனது மார்ச் மாதத்தின் பிற்பகுதி. ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்புக் காலம் அது. அந்த நாட்டுக் கிறித்தவர்களின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை நோன்பில் இறைச்சி, முட்டை, பால், பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் விலக்குகிறார்கள். ஓரிரு திருநாள்களைத் தவிர மீனும் கிடையாது. அதனால் தெருமுனை அடுமனையிலிருந்து பெரிய உணவகம் வரை நோன்பு உணவுகளுக்கு 'நிஸ்டீசிமோ' என்று தனியே பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல் அக்காவுக்குப் பெரிய துணையாயிற்று. ஆனாலும் நம்மவர் யாராவது போவதாக இருந்தால் சொல்லி வை: கணவாய், ஆக்டோபஸ், இறால், சிப்பி ஆகியவை இரத்தமில்லாத உயிர்கள் என்ற கணக்கில் அந்த நோன்பில் அனுமதிக்கப்படுகின்றன. ஆகவே நோன்பு உணவு என்று எழுதியிருந்தாலும், அதில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும்.

நோன்பு உணவு என்றால் வாய்க்கு விளங்காத பத்தியச் சாப்பாடாக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வந்ததோ விருந்து. ஆலிவ் எண்ணெயிலேயே காய்கறிகளை நிதானமாக வேகவைக்கும் 'லாதெரா' என்ற சமையல் வகை அவர்களிடம் இருக்கிறது. அந்தப் பருவத்தில் ஆர்டிசோக் மொக்குகளையும் பச்சைப் பட்டாணியையும் சதகுப்பைக் கீரையோடு சேர்த்து அப்படிச் சமைத்துத் தருகிறார்கள். பெரிய வெள்ளை அவரைக்கொட்டைகளைத் தக்காளிச் சாற்றில் ஊறவிட்டு, மேல்தோல் இலேசாகக் கருகும் வரை அடுப்பில் வாட்டி எடுக்கிறார்கள். அக்காவுக்கு மிகவும் பிடித்துப்போனது 'ஃபாவா'. மஞ்சள் பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்து, நடுவில் குழித்து, எண்ணெய் ஊற்றி, மேலே பச்சை வெங்காயமும் உப்பில் ஊறிய கேப்பர் மொட்டுகளும் தூவி, எலுமிச்சைத் துண்டு ஒன்றையும் வைத்துத் தருவார்கள். தாளிக்காத பாசிப்பருப்புக் கடையலைப் போலத்தான் இருக்கிறது, ஆனால் தாளிப்பு இல்லையே என்று ஓரிடத்திலும் தோன்றவில்லை என்றார் அக்கா. நம் விடுதிச் சமையலறையில் கடுகு வெடிக்கும் ஓசை கேட்காமல் தட்டை நீட்டாதவர் அவர் என்பது உனக்குத்தான் தெரியுமே.

டெல்ஃபி கிராமத்தில் நாங்கள் உண்ட ஒரு மதிய உணவை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கச் சொல்கிறேன். மலைச்சரிவில் இருந்த அந்தச் சிறிய உணவகத்தின் சாளரத்துக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் ஆலிவ் மரங்கள். அவற்றுக்கு அப்பால் கொரிந்த் வளைகுடாவின் நீலக் கீற்று. முதலில் வந்தது 'ஹோர்தா'. மலையில் தானாக முளைக்கும் கீரைகளைப் பறித்து வந்து, வெந்நீரில் வேகவைத்துப் பிழிந்து, எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டுத் தருவதுதான் அது. அதற்குமேல் ஒன்றும் செய்வதில்லை. அடுத்து வந்த கிராமத்துச் சாலட்டில் தக்காளி, வெள்ளரி, வெங்காயம், கறுத்த ஆலிவ் காய்கள் எல்லாம் பெரிய பெரிய துண்டுகளாகவே கிடந்தன. அவற்றின்மேல் ஃபெட்டா பாலாடைக்கட்டியை உதிர்க்காமல் ஒரே பலகையாக வைத்து, ஓரிகானோ என்ற மணமுள்ள உலர்தழையைத் தூவியிருந்தார்கள். ஃபெட்டாவைச் செம்மறியாட்டுப் பாலில், வேண்டுமானால் 30 விழுக்காடு வரை வெள்ளாட்டுப் பால் கலந்து செய்து, உப்புநீரில் பதப்படுத்துகிறார்கள். 2002ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயரைக் கிரேக்க நாட்டுக்கே உரியதாக்கிவிட்டது. காய்கள் தீர்ந்த பிறகு தட்டின் அடியில் தங்கும் தக்காளிச் சாறும் எண்ணெயும் கலந்த நீரில் ரொட்டியைத் தோய்த்து உண்பதுதான் அந்த உணவின் உச்சம். பரிமாறிய அம்மையார், நாங்கள் அதைச் செய்யாமல் எழுந்துவிடுவோமோ என்ற கவலையில் இன்னொரு ரொட்டித் துண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் தட்டில் இருந்த தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. கிரேக்கச் சமையலில் அது பரவியதே 19ஆம் நூற்றாண்டில்தான். ஏதென்ஸின் பழங்காலக் கோயிலான பார்த்தெனானைக் கட்டியவர்கள் அதைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். ஆலிவும் பருப்பும் ரொட்டியும் ஆட்டுப்பால் கட்டியும் தேனும் அவர்களுக்கு அன்றாட உணவு. பழையதும் புதியதும் ஒரே தட்டில் சண்டையின்றி அமர்ந்திருக்கின்றன. நம் மிளகாயும் அப்படி வந்து சேர்ந்ததுதானே.

மார்ச் 25 அவர்களுக்கு விடுதலைப் போரைக் கொண்டாடும் நாளும், மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாளும் ஆகும். அன்று நோன்பிலும் மீன் அனுமதி உண்டு என்பதால், ஏதென்ஸ் நகரமே உப்பிட்ட காட் மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, பூண்டுத் துவையலோடு உண்கிறது. நானும் உண்டேன்; அந்தப் பூண்டின் காரம் இன்னும் நாவில் இருக்கிறது. உலகம் முழுவதும் கிரேக்க உணவு என்றாலே சொல்லப்படும், கத்தரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கிச் சுட்ட மூசாக்கா மட்டும் என்னைக் கவரவில்லை. அதன்மேல் தடிமனாகப் பூசப்படும் வெள்ளைச் சாந்து, 1920களில் நிக்கோலாஸ் செலெமெந்தெஸ் என்ற சமையல் வல்லுநர் பிரெஞ்சு முறையைப் பின்பற்றிப் பரப்பியது என்கிறார்கள். கத்தரிக்காயின் சுவையை அது மூடிவிடுகிறது என்பதே என் கருத்து.

இனி கற்களுக்கு வருகிறேன். பார்த்தெனான் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றின் மேலுள்ள சுண்ணாம்புக்கல் பாறை, எண்ணற்ற கால்கள் தேய்த்துத் தேய்த்து வழுக்கும் அளவுக்கு மெருகேறியிருக்கிறது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் ஏறினேன். பார்த்தெனானின் கட்டட வேலை கி.மு. 447இல் தொடங்கி 438இல் முடிந்தது. சிற்ப வேலை 432 வரை நீடித்தது. இக்டினோஸ், காலிக்ரட்டெஸ் ஆகியோர் கட்டட வல்லுநர்கள். ஃபெய்டியாஸ் தலைமைச் சிற்பி. வெளிச்சுற்றில் 46 தூண்கள். நேர்க்கோடுகளால் ஆனதாகத் தோன்றும் அந்தக் கோயிலின் தளம், நீளப் பக்கங்களில் நடுவே ஏறத்தாழ 11 செண்டிமீட்டர் மேல்நோக்கி வளைந்திருக்கிறது. தூண்களும் இலேசாக உள்நோக்கிச் சாய்கின்றன. தளத்தின் மூலையில் தலையைத் தாழ்த்தி விளிம்போடு கண்ணை ஓட்டிப் பார்த்தால் அந்த வளைவு தெளிவாகத் தெரிகிறது.

ஏறத்தாழ முழுமையாகவே இரண்டாயிரம் ஆண்டுகள் நின்ற அந்தக் கட்டடம், 1687ஆம் ஆண்டு ஒரே நாளில் உடைந்தது. அன்று ஏதென்ஸை ஆண்ட ஒட்டோமான் துருக்கியரின் படையினர் அதில் வெடிமருந்தைச் சேமித்து வைத்திருந்தார்கள். மொரோசினியின் தலைமையில் முற்றுகையிட்ட வெனிஸ் படையின் குண்டு அதன்மேல் விழுந்தது. அடுத்த பெரிய தீங்கு நல்ல எண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பினால் வந்தது என்பதுதான் என்னை வருத்தியது. பழங்காலக் கொத்தர்கள் கற்களைப் பிணைக்கும் இரும்புப் பற்றிகளைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றியிருந்தார்கள். அதனால் இரும்பில் ஈரம் படவில்லை, துருவும் ஏறவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலானோஸ் என்ற பொறியாளர் செய்த சீரமைப்பில் அந்த ஈயக் காப்பு இல்லை. இரும்பு துருப்பிடித்துப் பருத்து, பளிங்கை உள்ளிருந்தே பிளந்துவிட்டது. 1975இல் அமைக்கப்பட்ட குழுவின் வழிகாட்டுதலில் அந்த இரும்பை எல்லாம் எடுத்துவிட்டு, டைட்டானியம் கம்பிகளை வைத்துக் கற்களை மீண்டும் பொருத்தி வருகிறார்கள்.

அந்தப் பொருத்தும் முறையைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒரு கல் உடைந்திருந்தால், அதன் கரடுமுரடான உடைவுப் பரப்பை அவர்கள் சமன் செய்வதில்லை. பெண்டெலி மலையிலிருந்து புதிய பளிங்கை எடுத்துவந்து, அந்த உடைவின் ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் எதிர்வடிவமாக அதைச் செதுக்கி ஒட்டுகிறார்கள். பழைய கல்லிலிருந்து ஒரு துகளையும் குறைக்காமல், புதிய கல்லே அதற்கு இடம் கொடுத்துப் பொருந்துகிறது. பழையது தேன் நிறம். புதியது வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. எது அன்றையது, எது இன்றையது என்பதைச் சிறுபிள்ளை கூடக் கைநீட்டிச் சொல்லிவிடும். அந்த வேறுபாட்டை யாரும் சாயம் பூசி மறைக்கவில்லை. நம் ஊர்க் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிக் கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் தேய்த்ததைக் கண்டு நீ கண்ணீர் விட்டாயே, அதை நினைத்துக்கொண்டே அந்தத் தூணின் முன்னே வெகுநேரம் நின்றிருந்தேன்.

குன்றின் அடிவாரத்தில் 2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்திலும் இதே நேர்மையைக் கண்டோம். 160 மீட்டர் நீளமுள்ள பார்த்தெனான் சிற்ப வரிசையில், ஏதென்ஸில் எஞ்சிய மூலக் கற்களோடு, பிரிட்டிஷ் தூதரான எல்கின் பிரபுவின் ஆட்கள் பெயர்த்தெடுத்து இன்று லண்டனில் இருப்பவற்றின் சுண்ண வார்ப்புகளையும் அவற்றுக்குரிய இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் ஒரே ஊர்வலம் பழுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறித் தொடர்கிறது. லண்டனில் உள்ளவை ஊர் திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

டெல்ஃபியில் எல்லோரும் அப்பல்லோ கோயிலையும் குறி சொன்ன பூசாரிப் பெண்ணையும் பற்றித்தான் பேசுவார்கள். நான் அதற்குக் கீழேயுள்ள தாங்குசுவரிலேயே நின்றுவிட்டேன். வளைந்து வளைந்து ஒன்றோடொன்று கவ்வும் பல்கோணக் கற்களால் ஆன அந்தச் சுவர் முழுவதும் பொடி எழுத்துகள். அவற்றில் பெரும்பாலானவை அடிமைகளை விடுவித்த பத்திரங்கள்: கடவுளுக்கு விற்கப்பட்டதாக எழுதி, அதன்வழியே இன்னார் விடுதலை பெற்றார் என்று யாரும் அழிக்க முடியாதபடி கல்லில் பொறித்திருக்கிறார்கள். மன்னர்களின் வெற்றிகளைச் சொல்லும் எந்தக் கல்வெட்டையும்விட அது என் மனத்தைத் தொட்டது. அருங்காட்சியகத்திலுள்ள வெண்கலத் தேரோட்டியின் கண்ணிமை மயிர்கள் கூட உலோகத்தில் ஒவ்வொன்றாக நிற்கின்றன. நிலச்சரிவில் புதையுண்டதால்தான் உலோகத்தை உருக்கும் உலைக்குப் போகாமல் அந்தச் சிலை தப்பியது.

உனக்குரிய செய்தியை இறுதிக்கு வைத்திருக்கிறேன். ஏதென்ஸின் பழைய சந்தைவெளியான அகோராவில், கூர்மையான அடியும் இரண்டு கைப்பிடிகளும் கொண்ட மதுச் சாடிகளைப் பார்த்தபோது, அக்காவும் நானும் ஒரே நேரத்தில் உன் ஊரான புதுச்சேரியைச் சொன்னோம். ஏஜியன் கடலிலுள்ள கோஸ் தீவின் சாடி வகையைச் சேர்ந்த துண்டுகள் அரிக்கமேட்டு மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன அல்லவா! 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்த அந்த இடம் உன் வீட்டிலிருந்து எட்டிவிடும் தொலைவில் இருந்தும், நாம் மூவரும் ஒருமுறைகூடச் சேர்ந்து போனதில்லை. சங்கப் புலவர்கள் பாடிய யவனரின் தேறல் வந்து இறங்கிய கடற்கரைத் துறைகளில் ஒன்றை, ஏதென்ஸைப் பார்த்துவிட்டு வந்த கண்களோடு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

ஆகவே மழை ஓய்ந்ததும் தை மாதத்தில் நானும் அக்காவும் புதுச்சேரிக்கு வருவதாக முடிவு செய்திருக்கிறோம். முதலில் அருங்காட்சியகம், மறுநாள் அரிக்கமேடு. பேத்தியையும் கட்டாயம் அழைத்துக்கொள்வோம். உன் முழங்காலுக்கு எந்த வாரம் வசதி என்று மருத்துவரிடம் கேட்டு எழுது. ஓரிகானோவும் கேப்பரும் என் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. நீ மஞ்சள் பட்டாணிப் பருப்பும் எலுமிச்சையும் வாங்கி வைத்தால் போதும், ஃபாவாவை அக்கா சமைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
உன் தோழி