ஊசி பிடிக்கும் கைக்கு ஒரு தேர்வு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மதுரையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். அதோடு, உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் சீன முறையான அக்குபஞ்சர் சிகிச்சையும் செய்து வருகிறேன். சென்ற வாரம் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு சுவரொட்டியைப் பார்த்தேன். இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் அக்குபஞ்சர் கற்றுக்கொண்டு சொந்தமாகக் கிளினிக் தொடங்கலாம், கல்வித் தகுதி தேவையில்லை என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட ஒரு வகுப்பில் 2009ஆம் ஆண்டு நானும் அமர்ந்திருந்தேன் என்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அந்த வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்தது. சுவரில் தொங்கிய மனித உருவப் படத்தில் புள்ளிகளைக் காட்டி, இந்தப் புள்ளி தலைவலிக்கு, இந்தப் புள்ளி மூட்டுவலிக்கு என்று சொல்லிக்கொண்டே போனார்கள். எந்த இடத்தில் ஊசி எவ்வளவு ஆழம் போகலாம், அந்தத் தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஆசிரியர் சொல்லவில்லை. உடற்கூறு படித்தவனாகிய நானும் கேட்கவில்லை. இரண்டாம் ஞாயிறு மாலை எல்லோருக்கும் லேமினேட் செய்த சான்றிதழ் கிடைத்தது.

அடுத்த மாதம், தோள்பட்டை இறுகிப்போன ஒரு தையல்காரப் பெண்மணிக்கு, கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே இருக்கும் ஜியான்ஜிங் என்ற புள்ளியில் 40 மில்லிமீட்டர் ஊசியை நேராக இறக்கினேன். அவர் ஒல்லியான உடல்வாகு கொண்டவர். அன்று இரவு, மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்துகிறது என்று அவர் வீட்டிலிருந்து போன் வந்தது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தபோது நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் காற்று புகுந்திருந்தது தெரிந்தது. நல்லவேளையாக இரண்டு நாள் கண்காணிப்பிலேயே அது சரியாயிற்று. "சின்ன ஊசிதானே தம்பி, இது எப்படி இவ்வளவு தூரம் போச்சு?" என்று அவருடைய கணவர் வராந்தாவில் என்னைக் கேட்டார். அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அந்தப் புள்ளிக்கு நேர் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. அங்கே ஊசி அரை அங்குலத்துக்கு மேல் நேராக இறங்கக் கூடாது என்பதை நான் முறையாகக் கற்றது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பதிலைத் தேடித்தான் 2011இல், சேமிப்பையும் கொஞ்சம் கடனையும் சேர்த்துக்கொண்டு, சீனாவில் உள்ள நான்ஜிங் நகருக்கு மூன்று மாதப் பயிற்சிக்குப் போனேன். வெளிநாட்டினருக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக 1975 முதல் பெய்ஜிங், ஷாங்காய், நான்ஜிங் ஆகிய மூன்று நகரங்களிலும் பன்னாட்டுப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. முதல் பத்து நாள்கள் எங்களை எந்த நோயாளியின் அருகிலும் விடவில்லை. மடித்துக் கட்டிய காகிதக் கற்றையிலும் பஞ்சு உருண்டையிலும் ஊசியைக் குத்திக் குத்தி விரலுக்குப் பழக்கினோம். பிறகு எங்கள் கால்களிலேயே குத்திக்கொண்டோம். முழங்காலுக்குக் கீழே உள்ள ட்சூசான்லி என்ற புள்ளியில் ஊசி சரியாக இறங்கும்போது வலிக்காது. கனமான, உள்ளே எதையோ இழுப்பது போன்ற ஓர் உணர்வு பாதம் வரை பரவும். அதைச் சீனத்தில் 'தெச்சி' என்கிறார்கள். தன் உடம்பில் அதை உணராதவர் பிறர் உடம்பில் தேடக் கூடாது என்று எங்கள் ஆசிரியை கண்டிப்பாகச் சொன்னார். காலை வேளைகளில் புறநோயாளிகள் பிரிவில் அவருக்குப் பின்னால் நின்று, மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து அவர் நாடி பார்ப்பதைக் கவனிப்போம். நம் சித்த வைத்தியர்களும் மூன்று விரல் வைத்தே வாதம், பித்தம், கபம் பார்க்கிறார்கள். சீனத்தில் 28 வகை நாடி என்பார்கள். அவற்றில் நான்கைந்தைப் பிரித்தறியவே எனக்கு மூன்று மாதம் போதவில்லை. அதே வளாகத்தில் படித்த சீன மாணவர்களுக்கு அது ஐந்தாண்டுப் படிப்பு.

அங்கே கேட்ட ஒரு செய்தியை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். சோங் வம்சத்துக் காலத்தில், 1027ஆம் ஆண்டு, வாங் வெய்யி என்ற மருத்துவ அதிகாரி ஆளுயர வெண்கல உருவங்கள் இரண்டை வார்ப்பித்தார்; புள்ளிக்குப் புள்ளி துளையிட்ட உருவங்கள் அவை. தேர்வு நாளில் உள்ளே நீரை நிரப்பி, வெளியே மெழுகு பூசித் துளைகளை மறைத்து விடுவார்களாம். மாணவன் சரியான இடத்தில் குத்தினால் நீர் கசியும். தவறினால் ஊசி உள்ளே இறங்காது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊசி பிடிக்கும் கைக்கு அவர்கள் தேர்வு வைத்திருக்கிறார்கள்.

அக்குபஞ்சர் மாறாத பழமை என்று இங்கே பலர் பேசுவதும் சரியல்ல. சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துயி என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து 1973இல் எடுத்த பட்டுச் சுவடிகளில், உயிர்ச்சக்தி ஓடுவதாகச் சொல்லப்படும் 11 உடல் பாதைகள் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டும் சிகிச்சைதான் அவற்றில் உண்டு, ஊசி இல்லை. 1822இல் சீனப் பேரரசரே அரண்மனை மருத்துவக் கழகத்தில் அக்குபஞ்சரை நிறுத்தியிருக்கிறார். 1930களில் செங் தன்ஆன் போன்ற சீன மருத்துவர்கள் புள்ளிகளை உடற்கூற்றோடு பொருத்தி, மெல்லிய ஊசிகளைக் கொண்டுவந்து அதை மீட்டார்கள். 1956இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்து ஆகிய நான்கு நகரங்களில் சீன மருத்துவக் கல்லூரிகள் எழுந்தன. நாங்கள் இன்று கையாளும் முறை பெருமளவு அந்த மீட்பின் பயன்தான்.

இதன் பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். 1,162 முதுகுவலிக்காரர்களை வைத்து ஜெர்மனியில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், அக்குபஞ்சர் பெற்றவர்களில் 47.6 விழுக்காட்டினருக்கும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 விழுக்காட்டினருக்கும் குணம் தெரிந்தது. ஆனால் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களிலும் 44.2 விழுக்காட்டினருக்குக் குணம் தெரிந்தது. இந்த மூன்றாவது எண்ணை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையல்ல. வலிக்கும், கீமோதெரபியால் வரும் குமட்டலுக்கும் இந்தச் சிகிச்சை உதவக்கூடும் என்பதை நான் நம்புகிறேன், என் மேசையிலும் பார்க்கிறேன். ஆனால் சர்க்கரை நோயாளியிடம் இன்சுலினை நிறுத்து என்பதும், கர்ப்பிணியிடம் மருத்துவமனைக்குப் போகாதே என்பதும் அக்குபஞ்சரில் சேராது. அப்படிச் சொல்பவர்களால் உயிர் போகும் அபாயம் இருக்கிறது. எங்கள் தொழில் மீதுள்ள நம்பிக்கையும் அவர்களால்தான் குலைகிறது.

மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரில் அக்குபஞ்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றபோது, பதிவு பெற்ற மருத்துவர்களோ உரிய பயிற்சி பெற்றவர்களோ அதைச் செய்யலாம் என்றது. 2019 பிப்ரவரியில் அதற்குத் தனி மருத்துவ முறை என்ற அங்கீகாரமும் வந்தது. 'உரிய பயிற்சி' எது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. மருத்துவர் அல்லாதவர்களுக்கு 2,500 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே வழிகாட்டியது. சுவரொட்டி வகுப்போ இரண்டு பகல்களில் முடிந்து விடுகிறது. மேற்கு வங்காளம் 1996இல் தனிச் சட்டம் இயற்றியது. 1938இல் சீனாவுக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸுடன் இருந்த டாக்டர் பி.கே. பாசு பின்னாளில் அங்கே அக்குபஞ்சர் பயின்று கல்கத்தாவில் அதைப் பரப்பியவர் என்பதால், அந்த மாநிலம் முந்திக்கொண்டதில் வியப்பில்லை. மகாராஷ்டிரமும் பின்னர் சட்டம் செய்தது.

தமிழக அரசும் அத்தகைய சட்டம் இயற்றி, பாடத்திட்டம், செய்முறைத் தேர்வு, பதிவேடு ஆகிய மூன்றையும் கட்டாயமாக்க வேண்டும். பழகிய கைகளை இது முடக்கிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஏற்கெனவே தொழில் செய்பவர்களுக்குக் காலக்கெடு தந்து தேர்வெழுத வைக்கலாம். முதல் வரிசையில் உட்கார்ந்து எழுத நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊசி போட்டுக்கொள்ளும் முன், ஒரு முறை மட்டும் பயன்படும் ஊசியின் உறையை உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள்; எங்கே, எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று உங்களைக் கேட்காமலே ஊசியைக் கையில் எடுத்தால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
மதுரை.