வெல்லைக் குதிரைகளின் தொட்டியில் தண்ணீர் வையுங்கள்

நெடுந்தீவுக் குதிரைகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணக் கடலில் கிடக்கிற இந்தத் தீவில் தன்பாட்டில் திரிகிற குதிரைகளைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லத் தேவையில்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் அவை இங்கே வந்த கதையும், வெள்ளைக்காரர் காலத்தில் நோலன் துரை குதிரை வளர்த்த கதையும் நீங்கள் அறிந்ததுதான். 2015இல் அவை மேயும் பகுதியைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது, இனிமேலாவது இந்தச் சீவன்கள் தாகத்தில் சாகாது என்று நம்பியவர்களில் நானும் ஒருவன்.

போன ஆவணியில், குதிரைகள் மேயும் வெல்லை வெளிப் பக்கம் போயிருந்தேன். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடித்து அடித்துப் புல்லெல்லாம் கருகிவிட்டது, துரவுகள் வற்றி அடியில் சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. சீமெந்துத் தொட்டி ஒன்றின் பக்கத்தில் ஒரு தாய்க்குதிரை நின்றது, விலா எலும்பை எண்ணிவிடலாம். குட்டி தொட்டிக்குள் தலையை விட்டு அடியை நக்கிக்கொண்டிருந்தது. உள்ளே கொஞ்சம் சருகும் ஒரு பிளாஸ்டிக் போத்தலும்தான். குட்டியின் மூக்கு முழுக்கச் சீமெந்துத் தூசி. எங்களிடம் இருந்த ஐந்து லீற்றர் கலனை அப்படியே தொட்டியில் ஊற்றிவிட்டு விலகி நின்றோம், அப்புறம்தான் இரண்டும் கிட்ட வந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தண்ணீர் முடிந்துவிட்டது. வெக்கை நாளில் ஒரு குதிரைக்கு முப்பது நாற்பது லீற்றர் வேண்டும், பால் கொடுக்கிற தாய்க்கு அதைவிடக் கூட வேண்டும். அடுத்த நாள் இரண்டு கலன்களோடு போனபோது குட்டி தொட்டியடியில் படுத்துக் கிடந்தது. எழும்பவில்லை. தாய் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

இதைப் பொறுப்பான ஒருவரிடம் சொன்னேன். "குதிரை கூடிப்போச்சு, கோடையில கொஞ்சம் குறையத்தான் செய்யும்" என்றார். நான் இந்த மடலை எழுத அந்த ஒரு வரிதான் காரணம்.

கூடிப்போச்சு என்றால், எத்தனை? எத்தனை தாய், எத்தனை குட்டி, இந்த மேய்ச்சல் நிலம் எத்தனையைத் தாங்கும்? எண்ணிப் பார்த்துக் கூடுதல்தான் என்று தெரிந்தால், பிறப்பைக் குறைக்க வழி இருக்கிறது. அமெரிக்காவில் அசட்டீக் என்று ஒரு தீவு, அங்கேயும் இப்படித் தன்பாட்டில் திரிகிற குதிரைகள்தான். மேரிலாந்துப் பகுதியில் 1994 முதல் பல ஆண்டுகளாகப் பெண்குதிரைகளுக்குத் தூர நின்றே கருத்தடை மருந்தை ஊசி அம்பாக எய்து வந்தார்கள். பிடிக்கவில்லை, கட்டவில்லை. ஒவ்வொரு குதிரையையும் நிறத்தையும் குறியையும் வைத்து அடையாளம் தெரிந்து வைத்திருக்கிறார்கள், எதற்கு ஊசி போட்டாயிற்று என்று தெரிய வேண்டுமே. நெடுந்தீவும் தீவுதான், குதிரைகள் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. ஆளும் மருந்தும் வர நாளாகலாம், சரி, அது எனக்கு விளங்குகிறது. அதுவரைக்கும் தாகத்தில் சாகவிட்டு எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். தாகம் முதலில் பலியெடுப்பது குட்டியையும் சினைக் குதிரையையும் பால் கொடுக்கிற தாயையும்தான்.

தீவுச் சனங்களைச் சாட்டவும் வேண்டாம். அவர்களுக்கே நல்ல தண்ணீர் தட்டுப்பாடு. அப்படியிருந்தும் படலைக்கு வெளியே வாளி வைக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தோட்டத்துக்குள் நுழைந்த குதிரையை ஒருவர் விரட்டுகிறார் என்றால் அவர் மேல் எனக்குக் கோபம் வராது. படம் எடுப்பதற்காகக் குட்டியோடு நிற்கிற கூட்டத்தை வாகனத்தில் துரத்துகிறார்களே, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறவர்கள் மேல்தான் வருகிறது. தீவுக்கு ஆட்களை அழைக்க இந்தக் குதிரைகளின் படம் வேண்டியிருக்கிறது, அவற்றுக்கு ஒரு பவுசர் தண்ணீர் அனுப்ப மட்டும் ஆண்டாண்டாகக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது!

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது இதுதான். வருகிற வைகாசிக்குள், சோளகம் தொடங்குமுன், வெல்லையில் இருக்கிற தொட்டிகளைத் திருத்தி நிரப்புங்கள். மழை விழும் வரை வாரத்தில் எந்தெந்த நாள் தண்ணீர் வரும், யார் கொண்டுவருவார் என்று எழுத்தில் அறிவியுங்கள். குதிரைகளை எண்ணுங்கள், கருத்தடைக்கு மிருக வைத்தியர்களோடு பேசத் தொடங்குங்கள். ஆனால் எண்ணி முடியட்டும் என்று தண்ணீரை நிறுத்தி வைக்காதீர்கள்.

தொட்டி கழுவ ஆள் இல்லையென்றால் தயவுசெய்து ஒரு சொல் சொல்லுங்கள். வாளியும் தும்புக்கட்டையுமாகக் காலைப் படகிலேயே வந்துவிடுகிறோம்.

நன்றியுடன்,
அந்தத் தொட்டியடியில் நின்ற ஒருவன்