கிழங்கு தோண்டப் போன கதை

கண்ணு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பையனைப் பள்ளியில் பூசணித் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறார்கள், கூட ஒரு ஆள் வரலாமாம், எனக்கு அன்றைக்குப் பார்த்து மீட்டிங், போனாலும் இதெல்லாம் அவனுக்கு ஞாபகமா இருக்கப்போகுது என்றாய். நான் வாயெடுப்பதற்குள் அவன் போனைப் பிடுங்கி டைனோசர் காட்ட ஆரம்பித்துவிட்டான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1999 அக்டோபர். டோக்கியோவில் நிஷிகசாயில் இருந்தோம். 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் தேதியில் குழம்பாமல் பார்த்துக்கொள்ளும் ஒய்2கே வேலைக்கென்று நம் ஆட்கள் அங்கே வந்து இறங்க ஆரம்பித்த சமயம். உனக்கு நாலரை வயது. உன் பாலர் பள்ளியில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு தோண்டக் கூட்டிப்போகிறோம், பெற்றோரில் ஒருவர் கட்டாயம் வரவேண்டும் என்று ஒரு தாள் கொடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு வயிற்றில் உன் தம்பி ஏழு மாதம். சரி, நான் லீவு போட்டேன்.

கொண்டுவர வேண்டியதையெல்லாம் அந்தத் தாளிலேயே போட்டிருந்தார்கள். எனக்கு ஹிரகானா என்கிற அவர்கள் எளிய எழுத்து ஒருமாதிரி தெரியும், சித்திர எழுத்து வந்தால் அவ்வளவுதான். ஒரு இடத்தில் இரண்டே எழுத்து, அகராதியில் தேடினால் முதல் எழுத்துக்கு ராணுவம், அடுத்ததற்குக் கை என்று வருகிறது. நாலு வயசுப் பிள்ளைக்கு எதற்கு ராணுவம் என்று ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டினேன், மனுஷன் சிரித்துக்கொண்டே இருந்தார். குந்தே, அதாவது தோட்ட வேலைக்குப் போடும் வெள்ளைப் பருத்திக் கையுறை. உனக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜோடி வாங்கினேன். எனக்கு வாங்கவில்லை. தரையில் விரிக்கும் ஷீட்டையும் மறந்தேன். ஆபீஸ் ஷூவைப் போட்டுக்கொண்டே கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் வந்திருப்பது அத்தனையும் அம்மாக்கள், நான் ஒருத்தன்தான் அப்பா. உன் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நீட்டினால் நீ ஏற்கெனவே ஒரு சிறுமியின் கையைப் பிடித்து வரிசையில் நிற்கிறாய், தலையில் மஞ்சள் தொப்பி, முதுகில் உன்னைவிடப் பெரிய பை. டீச்சரிடம் மடமடவென்று ஜப்பானியத்தில் ஏதோ கேட்கிறாய், அவரும் குனிந்து பதில் சொல்கிறார். வீட்டில் "தண்ணி" என்று அழுகிற பிள்ளையா இது என்று இருந்தது எனக்கு. என்னிடம் யார் எது சொன்னாலும் நான் "ஹாய், ஹாய்", அதாவது ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் உனக்கு வாந்தி வருமோ என்று பயம். "கண்ணு, வயித்தப் பெரட்டுதா?" என்று நம் ஊர்க் குரலில் கேட்டுவிட்டேன். நீ திரும்பி, காதோரம் வந்து சொன்னாய்: "தமிழ்ல பேசாதப்பா."

இதை இத்தனை வருஷமாக உன்னிடம் சொன்னதில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. தோட்டம் இருக்கும் கவாகோயே ஊர் போய்ச் சேரும்வரை வாயைத் திறக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கோபமா என்றால் கோபம்தான், நாலு வயசுப் பிள்ளைமேல்! இப்போது யோசித்தால் உன்மேல் தப்பே இல்லை. தட்டுத்தடுமாறி நீயாகவே அங்கே ஒரு இடம் பிடித்து வைத்திருந்தாய், அதற்குள் நான் ஷூவும் சத்தமுமாக நுழைந்தேன்.

தோட்டத்தில் கொடியை முன்னாடியே அறுத்து ஒதுக்கியிருந்தார்கள், தண்டின் அடிக்கட்டை மட்டும் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தால் கிழங்கு ஒடிந்துவிடும், சுற்றிலும் கையால் மண்ணைப் பறிக்கவேண்டும் என்று தோட்டக்காரப் பெரியவர் செய்து காட்டினார். கறுப்பு மண், பொலபொலவென்று இருந்தது. நீ முழங்கால் போட்டு, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு பறித்தாய். சிவப்பாகத் தோல் கொஞ்சம் தெரிந்தது, இன்னும் பறித்தாய், அப்போது கிழங்கோடு ஒட்டிக்கொண்டு விரல் நீளத்துக்கு ஒரு மண்புழு நெளிந்தது.

"அய்யய்யோ! அப்பா!"

தோட்டம் முழுக்கக் கேட்டது. பக்கத்து வரிசைப் பையன் ஒருத்தன் உன்னைப் பார்த்தான், புழுவைப் பார்த்தான், "அய்யய்யோ" என்றான். அவ்வளவுதான், அதற்கப்புறம் யார் வரிசையில் புழு வந்தாலும் அய்யய்யோதான். புழுவே வராமலும் சொன்னார்கள். கடைசியில் உன் டீச்சரும் ஒரு தடவை சொன்னார், வாயைப் பொத்திக்கொண்டு.

சாப்பாட்டுக்கு உட்கார ஒரு அம்மா தன் ஷீட்டில் நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் பிள்ளை டப்பாவில் ஆக்டோபஸ் மாதிரி வெட்டிய சாசேஜ், முயல் காது வைத்த ஆப்பிள் துண்டு. நம்முடையது எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். மஞ்சளாக இருந்ததால் அவர்கள் ஊர் "கரே" குழம்பா என்று கேட்டான் அந்தப் பிள்ளை. நீ இல்லை என்று சொல்லி, அது என்னவென்று ஏதோ விளக்கினாய். என்ன சொன்னாய் என்று நான் கேட்டேன், தமிழில்தான். நீயும் தமிழிலேயே சொன்னாய், "புளிப்பு சோறுன்னு சொன்னேன்ப்பா."

கவாகோயே கிழங்குக்குப் பேர்போன ஊர். 1732இல் பெரும் பஞ்சம் வந்த பிறகு அப்போது நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகனின் ஆதரவில் அவோகி கோன்யோ என்பவர் 1735இல் இந்தக் கிழங்கை எடோ, அதாவது பழைய டோக்கியோ பக்கம் பயிரிட்டுப் பார்த்தார், அதற்கப்புறம்தான் அந்தப் பகுதியில் பரவியது என்று ஆபீஸ் பக்கத்து சீட்டுக்காரர் மறுநாள் சொன்னார். அவர் சொன்ன விடுகதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. "குரி யோரி உமாய் ஜூசன்ரி." ரி என்பது அவர்களுடைய பழைய தூர அளவு. குரி என்றால் கஷ்கொட்டை (செஸ்ட்நட்), 9 ரி என்றும் அர்த்தம் வரும். யோரி என்றால் "விட", 4 ரி என்றும் அர்த்தம். ஆக, கஷ்கொட்டையைவிட ருசியான 13 ரி. எடோவிலிருந்து கவாகோயே 13 ரி தூரம் என்பார்களாம், நம் கணக்கில் 50 கிலோமீட்டர் சொச்சம். கிழங்குக்கே 13 ரி என்று பெயராகிவிட்டது.

நாலு கிழங்கு கொண்டுவந்தோம். இரண்டு மூன்று வாரம் வையுங்கள், மாவு சர்க்கரையாக மாறட்டும் என்று பெரியவர் சொல்லித்தான் அனுப்பினார். அம்மா கேட்பாளா, அன்று ராத்திரியே ஒன்றை வேகவைத்துவிட்டு, நம்ம ஊர்க் கிழங்கு மாதிரி வருமா என்றாள். மீதி மூன்றை நியூஸ் பேப்பரில் சுற்றி வைத்து நவம்பரில் அவித்தோம், அப்புறம் அவள் பேசவில்லை.

மறுநாள் உன் பள்ளி நோட்டில் டீச்சர் எழுதியிருந்தார்: பிள்ளைகள் எல்லாரும் அய்யய்யோ என்கிறார்கள், அர்த்தம் தெரிந்தால் நன்றாக இருக்கும். அவர்கள் ஊரிலும் "அராரா" என்று ஒன்று உண்டே, அதுதான் இது என்று ஹிரகானாவில் எழுதிக் கொடுத்தேன். நாலு தடவை அழித்து எழுதினேன்.

இதில் ஒன்றுகூட உனக்கு ஞாபகமில்லை, தெரியும். மீட்டிங்கைத் தள்ளிவைக்க முடிந்தால் போய்வா. பழைய ஷூ போட்டுக்கொள், விரிக்க ஒரு ஷீட் எடுத்துக்கொள். அங்கே போய் அவன் உன்னிடம் ஏதாவது சொன்னால் உடனே எனக்குப் போன் பண்ணு. அம்மா கேட்கிறாள், பூசணியை வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்களா என்று. உங்கள் ஊர்ப் பெரிய பூசணி செதுக்கி விளக்கு வைக்கத்தான் ஆகும், கூட்டுக்கு ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கமாட்டேன் என்கிறாள்.

அப்பா