மன்னார்குடிப் பத்துப்பாட்டு

கும்பகோணம்
ஆடி 24

அன்புள்ள செல்வம்,

கடிதமும் பென்டிரைவும் கிடைத்தன. மேலுரம் போட்டாயிற்று என்று எழுதியிருந்தாய். தண்ணீர் கடைமடை வரை ஏறியதா என்பதை எழுத மறந்துவிட்டாய். அடுத்த கடிதத்தில் அதை முதல் வரியாக எழுது.

உன் தம்பி மகன் குழு சிந்தசைசரில் (மின்னணு இசைக் கருவி) செய்த முதல் ஆல்பத்தை ஹெட்போனில் ஒரு தடவை, போன் ஸ்பீக்கரில் ஒரு தடவை, டீக்கடைப் பெட்டியில் ஒரு தடவை கேட்டேன். ஊரார் சொன்னதை நீ எழுதி அனுப்பிய தாளும் பக்கத்தில் இருந்தது. 'பேஸே இல்ல', 'வார்த்தை புரியல', 'எல்லாம் ஒண்ணு போல இருக்கு', 'உசிரு இல்ல', 'இது எந்தப் படம்?' என்று ஐந்து. பையன்கள் முகம் தொங்கிப்போய்விட்டது என்கிறாய். எனக்கென்னவோ ஐந்துமே நல்ல கேள்வியாகத்தான் படுகிறது. கேட்கிறவர் சொல்லும் நோய் பெரும்பாலும் சரியாக இருக்கும், அவர் சொல்லும் மருந்துதான் தப்பும். பேஸ், அதாவது அடியில் ஒலிக்கும் தடித்த சத்தம், இல்லை என்றவர் அதைக் கூட்டச் சொன்னாராமே, கூட்டினால் இன்னும் கெடும்.

அந்த முதல் பாட்டின் பேஸ் கீழ் ஏ சுரத்தில், 55 ஹெர்ட்ஸில் நிற்கிறது. பையன்கள் அறையில் இருக்கும் 8 அங்குல ஸ்பீக்கரில் அது தரையை அதிர வைக்கும். போன் ஸ்பீக்கரோ 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. அங்கே 55-ஐ எவ்வளவு ஏற்றினாலும் காதுக்கு வராது. கடைசியில், சத்தம் எல்லை தாண்டாமல் பிடிக்கும் லிமிட்டரை அழுத்தி மற்றதையும் அமுக்கிவிடும். செய்ய வேண்டியது இதுதான்: பேஸ் டிராக்கை (பேஸ் மட்டும் பதிந்த தடத்தை) இரண்டாக நகலெடுக்கச் சொல். ஒன்றை அப்படியே விடட்டும். இன்னொன்றில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, ஒலியைக் கொஞ்சம் கரகரப்பாக்கும் சாச்சுரேஷன் போட்டு, முதலாவதை விட 10 அல்லது 12 டெசிபல் குறைவாகச் சேர்க்கட்டும். 55-இன் மடங்குகளான 165, 220, 275 எல்லாம் அதில் முளைக்கும். அந்த மடங்குகளைக் கேட்டாலே போதும், அடிச்சுரத்தை மூளை தானே ஊகித்துக்கொள்ளும். சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவில் மிருதங்கத்தின் தொப்பி (பேஸ் பக்கம்) கேட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருந்ததும் இப்படித்தான்.

டவுன் பஸ்ஸில் பாட்டு பாதியாகிப் போனது என்றாயே, அது வேறு கதை. சில பஸ்களில் இடது சானலை முன்பக்க ஸ்பீக்கருக்கும் வலது சானலைப் பின்பக்கத்துக்கும் கொடுத்திருப்பார்கள். மூன்றாம் பாட்டில் லீடு, அதாவது முன்னின்று மெட்டு வாசிக்கும் சத்தம், முழுக்க இடது பக்கம், அதனால் பின் சீட்டுக்காரருக்குப் பல்லவிக்கு முந்தைய இசையே கிடையாது. வேறு சில பஸ்களில் இரண்டையும் சேர்த்து மோனோவாக, ஒரே சானலாக ஓட்டுவார்கள். பின்னணியில் நீளமாகப் பரவி நிற்கும் பேட் சத்தத்தை அகலமாக்க, ஒரு பக்கத்தை 10 மில்லிசெகண்டு தாமதித்திருக்கிறார்கள். சேர்த்தால் 50, 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஓட்டை விழுந்து, தகர டப்பாவுக்குள் பாடினது போல ஆகும். ஜூனோ சிந்தசைசர் வகை கோரஸும் (ஒரு சத்தத்தைப் பல போலச் சுழல வைப்பது) மோனோவில் சுழற்சியை இழந்து வெளுத்துவிடும். எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டரில் மோனோ பட்டன் இருக்கும், ஒவ்வொரு மிக்ஸையும் அதை அழுத்தி ஒருமுறை கேட்காமல் அனுப்ப வேண்டாம். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது எல்லாம் நடுவிலேயே இருக்கட்டும்.

'வார்த்தை புரியல' என்பதில் இரண்டு தப்பு கலந்திருக்கிறது. ஒன்று இடநெருக்கடி. ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிவது சுமார் 1500-லிருந்து 3000 ஹெர்ட்ஸுக்குள். அதே இடத்தில் ரம்பப் பல் வடிவ 'சா' அலையில் செய்த பேட் ஒன்று பாய் விரித்துப் படுத்திருக்கிறது. பேடில் 2000 ஹெர்ட்ஸை ஒட்டி 3 டெசிபல் குறைத்தால் போதும். குரலை ஏற்ற வேண்டாம். எதிரொலியின் (ரிவெர்ப்) அளவும் கூடுதல். 'விட்டு', 'பக்கம்' போன்ற சொற்களில் இரட்டித்த வல்லினம் வரும் இடத்தில் வாய் ஒரு நொடித்துண்டு மூடியிருக்கும். அந்த மௌனம்தான் எழுத்து. ரிவெர்ப் அதை நிரப்பிவிட்டால் 'பக்கம்' 'பகம்' ஆகிவிடும். குரல் ஒலிக்கும்போது ரிவெர்பை அமுக்கி, வரி முடிந்ததும் திறந்துவிடும் டக்கிங் போடச் சொல்.

இன்னொரு தப்பு மெட்டில். நான்காம் பாட்டில் 'என்னை விடு' என்று முடியும் வரியில் 'வி' மேல் இரண்டு அடி நிற்கிறார்கள். நிமிஷத்துக்கு 118 அடி வேகத்தில் ஓர் அடிக்கு 508 மில்லிசெகண்டு, ஆக ஒரு விநாடிக்கு மேல். குறிலை அவ்வளவு இழுத்தால் அது நெடில், 'என்னை வீடு' என்றுதான் விழுகிறது. இலக்கண வாத்தியார் சொன்னது இங்கே உதவும்: தனிக்குறிலை அடுத்து வருவதால் 'விடு'வில் உள்ள உகரம் முற்றியலுகரம், முழு மாத்திரை உடையது. எனவே 'வி'யைத் தட்டிவிட்டு 'டு'வில் நிற்கலாம். பொருளும் கெடாது, வாயும் அழகாகக் குவியும். 'வீடு' என்றிருந்தால் கதை தலைகீழ்; அங்கே கடைசி உகரம் குறுகியது, 'வீ'யில்தான் நிற்க வேண்டும். ஆங்கிலப் பாட்டின் மெட்டில் தமிழை ஊற்றும் குழுக்கள் எல்லாம் வழுக்கி விழும் படிக்கட்டு இது. நீண்ட சுரம் வரும் இடத்தை எல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, அங்கே நெடிலோ முற்றுகரமோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல். ஒரு சாயங்கால வேலை.

'ஒண்ணு போல இருக்கு' என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பத்தில் எட்டுப் பாட்டு 118-க்கும் 122-க்கும் நடுவில், எட்டிலும் ஒரே கிக் சாம்பிள் (பெரிய டிரம்மின் பதிவு செய்த அடி), ஆறில் ஒரே நான்கு கார்டு (சுரக்கூட்டு). முன்னிசை 24 பார், பாருக்கு நான்கு அடி. குரல் வரும்போது 49 விநாடி கடந்துவிடுகிறது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு தடவையாகக் கணக்கு. 8 பாராகக் குறைத்தால் 16 விநாடியில் குரல் வந்துவிடும். ஏழாம் பாட்டை 92-க்கு இறக்கி, கிக்கை எடுத்துவிட்டு உருமி போல் கீழிருந்து மேலே இழுபடும் ஒரு டாம் டிரம் வைத்தால் ஆல்பத்தின் நடுவில் மூச்சு விட இடம் கிடைக்கும்.

நாலாவது குறைதான் என்னை இரண்டு நாள் உட்கார வைத்தது. 'உசிரு இல்ல.' மெஷின் சத்தம் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள் என்று பையன்கள் நினைப்பது தப்பு. 1986-ல் இளையராஜா கம்ப்யூட்டர் இசை போட்ட புன்னகை மன்னன் படம் வந்தபோதே மெஷினை நம் ஊர் டீக்கடைகள் ஏற்றுக்கொண்டாயிற்று. இந்தப் பக்கத்துக் காதுக்கு ஒவ்வாதது அசையாமல் நிற்கும் சுரம். ஐந்தாம் பாட்டின் லீடு தோடி ராகத்தின் மேளத்துச் சுரங்களில் போகிறது, யார் யோசனையோ, பலே. ஆனால் காந்தாரத்தை ('க' சுரம்) கட்டையில் அழுத்தி அப்படியே நிறுத்திவிட்டார்கள். தோடியின் காந்தாரம் நிற்கவே நிற்காது, ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் (ரி, ம) நடுவே ஆடிக்கொண்டே இருக்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் தோடி வாசித்த மண்ணில், ராகத்தின் பெயர் தெரியாதவருக்கும் அந்த ஆட்டம் காதில் இருக்கிறது.

நல்ல வேளை, சிந்தசைசரில் இதற்கு வழி உண்டு. ஸட்ஜத்திலிருந்து எண்ணினால் சாதாரண காந்தாரம் 3-ஆவது அரைச்சுரம், சுத்த ரிஷபம் 1, சுத்த மத்திமம் 5. சுரத்தை வளைக்கும் சக்கரமான பிட்ச் பெண்டின் வீச்சை ±2 அரைச்சுரம் என்று வைத்துக் காந்தாரக் கட்டையை அழுத்தினால், சக்கரத்தின் கீழ்முனையில் ரிஷபம், மேல்முனையில் மத்திமம். அளந்து தைத்த சட்டை மாதிரி. இனி இதில் கெடக்கூடியவை. சுரத்தைத் தானாக ஆட்டும் எல்எஃப்ஓவை வைத்து ஆட்டக் கூடாது. அது ஒரே அகலம், ஒரே வேகம், ஊசலாடும் கடிகாரம். கமகம், அதாவது சுரத்தின் ஆட்டம், மத்திமத்தில் கொஞ்சம் தங்கும், ரிஷபத்தைத் தொட்டும் தொடாமலும் திரும்பும். கையால் சக்கரத்தை உருட்டிப் பதிவு செய்து, பிறகு வளைகோட்டைத் திருத்தட்டும். அடுத்தது, பிட்ச் பெண்டு அந்த மிடி (கருவிகள் சுரத் தகவல் பரிமாறும் முறை) சானலில் ஒலிக்கும் எல்லா சுரத்தையும் வளைக்கும். இப்போது லீடும் பஞ்சமச் சுருதியும் ஒரே சானலில் இருக்கின்றன, சக்கரத்தை உருட்டினால் சுருதியும் சேர்ந்து சாயும். லீடுக்குத் தனி டிராக், மோனோ (இங்கே ஒரு நேரத்தில் ஒரே சுரம்), லெகாட்டோ (சுரங்களை விடாமல் தொடுப்பது) வேண்டும். லெகாட்டோ இல்லையென்றால் ஒவ்வொரு சுரத்துக்கும் என்வலப் (சத்தம் எழுந்து அடங்கும் வடிவம்) புதிதாகத் தட்டி 'டக் டக்' என்று ஆணி அடிக்கும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும் கிளைடு நேரம் 40-லிருந்து 80 மில்லிசெகண்டு. அதற்கு மேல் போனால் குடித்தவன் நடை.

மிடியில் பிட்ச் பெண்டுக்கு 16,384 படி உண்டு. சில மலிவான கீபோர்டுகள் 128 படியைத்தான் அனுப்பும். ±2 வீச்சில் ஒரு படிக்கு 3 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஆகிறது, மெதுவாக இழுத்தால் ஏணிப்படி போலக் கேட்கும். அப்படியானால் கோட்டை மென்பொருளிலேயே வரையச் சொல். ஒன்பதாம் பாட்டில் தம்புரா போட்டிருக்கிறார்களே, அங்கே அந்தர காந்தாரத்தைப் பிடித்து நிறுத்தும்போது ஒரு நெருடல் இருக்கிறது, கவனித்தாயா? கீபோர்டின் காந்தாரம் 400 சென்ட், தம்புராவிலிருந்து தானே எழும் காந்தாரம் 386. லீடில் அந்த ஒரு சுரத்தை மட்டும் 14 சென்ட் இறக்கினால் அடங்கிவிடும்.

பம்பாயின் சரண்ஜித் சிங் 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வைத்து ஓர் இசைத்தட்டு போட்டார். ரோலண்ட் கம்பெனியின் ஜூபிடர்-8 சிந்தசைசர், டிபி-303 பேஸ் பெட்டி, டிஆர்-808 டிரம் பெட்டி, மூன்றே பெட்டி. 303-ல் ஸ்லைடு வசதி உண்டு, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும். அவர் அதை ராகத்துக்கு ஆக்கிக்கொண்டார். அன்றைக்குச் சீந்துவார் இல்லை. 2010-ல் மறுபடி வெளியானபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கடைசிக் காலத்தில் வெளிநாட்டு மேடைகளில் வாசித்துவிட்டு 2015-ல் போனார். 28 வருஷம் காத்திருக்க வேண்டும் என்று பையன்களிடம் சொல்லிவிடாதே, பயந்துவிடுவார்கள். ஒரு மாதத்தில் வந்த பேச்சை வைத்து டிராக்குகளை அழித்துவிடாமல் இருந்தால் சரி.

சத்தம் பற்றி. மாஸ்டர், அதாவது முடித்த கோப்பு, -7 லஃப்ஸில் (சராசரிச் சத்தத்தின் அளவு) இருக்கிறது. ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் -14 வாக்கில் கொண்டு வந்து நிறுத்தும். 7 டெசிபல் குறைந்தபின் மிஞ்சுவது நசுங்கின டிரம் மட்டுமே. -10 அல்லது -11 போதும், ட்ரூ பீக் (சத்தத்தின் உச்சம்) -1. பஸ்ஸில் பென்டிரைவுக்கு இந்தச் சமன்படுத்தல் கிடையாது, அங்கே டிரைவர் கை இருக்கிறது.

பென்டிரைவ் என்றதும் ஞாபகம் வந்தது. நீ அனுப்பியதில் 24 பிட் வேவ் கோப்புகள், தமிழ்ப் பெயரில். பஸ் பிளேயர் பலதும் அதைத் திறக்காது, பெயர் இருக்கும் இடத்தில் கட்டம் கட்டமாகக் காட்டும். எஃப்ஏடி32-வில் பார்மட் செய்து, 320 கேபிபிஎஸ் எம்பி3-ஆக, ஆங்கில எழுத்தில் 01, 02 என்று எண்ணிட்டு, அதே வரிசையில் ஒவ்வொன்றாக நகலெடுக்கட்டும். சில பிளேயர்கள் பெயரைப் பார்க்காது, எது முதலில் ஏறியதோ அதைத்தான் முதலில் பாடும். மொத்தம் 41 நிமிஷம். மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் வருவதற்குள் முழுசும் ஓடிவிடும். காசைப் பொறுத்தவரை, ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 தடவை ஓடாவிட்டால் ஒலிப்பதிவுக்கான தொகை கிடையாது, 2024-லிருந்து அப்படி. பத்துப் பாட்டையும் சமமாகத் தள்ளுவதை விட இரண்டைப் பிடித்துக்கொண்டு அலைவது நல்லது. ஐந்தும் ஒன்பதும் என் ஓட்டு.

'எந்தப் படம்?' என்ற கேள்விக்கு மருந்து இல்லை. படம் இல்லாத பாட்டு என்றால் நம் ஊரில் பக்திப் பாட்டு, கட்சிப் பாட்டு, கிராமியப் பாட்டு, அவ்வளவுதான். கேட்டவர் படம் பார்க்கத் தயாராக இருந்தார் என்றுதான் அர்த்தம். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.

ஐந்தாம் பாட்டை மட்டும் நான் ஒருமுறை மிக்ஸ் செய்து பார்க்கிறேன். ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியாக, எல்லாமே பூஜ்யத்திலிருந்து தொடங்கும்படி, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எடுத்து அனுப்பட்டும். மாஸ்டரில் லிமிட்டரைக் கழற்றிவிட வேண்டும். லீடின் மிடி கோப்பும் வேண்டும், பாடல் வரிகளும் தாளில் வேண்டும், குறில் நெடில் வட்டம் போட்டு. பாத்திரக் கடைக்கு வருகிறேன் என்றாயே, வரும்போது நீயே எடுத்து வந்துவிடு. வெற்றிலை இங்கே வாங்கிக்கொள்ளலாம், சீவல் மட்டும் அங்கிருந்து கொண்டு வா.

உன்,
முருகேசன்