மறைநிலைத் தாவலும் நூலகச் சீட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் சென்ற வாரம் வெளியான இணையப் பாதுகாப்புக் கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். கடவுச்சொல், ஓடிபி மோசடி ஆகியவை பற்றிய பகுதிகளில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால், ‘அந்தரங்கமான விஷயங்களைத் தேடும்போது மறைநிலைத் தாவலை (இன்காக்னிட்டோ) திறந்துகொண்டால் போதும், யாருக்கும் தெரியாது’ என்று வந்திருந்த ஒரு வரி தவறானது. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டதுதான் என்றாலும், அதை நம்பி நடப்பவர்கள் ஏமாறுவார்கள் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் பொது நூலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கடைசி சில ஆண்டுகளில் எங்கள் கிளைக்கும் கணினிகள் வந்தன. ஒருநாள், கல்லூரியில் சேரவிருந்த பெண் ஒருத்தி கல்விக் கடன் பற்றித் தேடித் தரும்படி கேட்டாள். நான் பக்கத்தில் நிற்க, அவள் ‘க’ என்று தட்டியதுமே, அதற்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் தேடியவை வரிசையாகக் கீழே விரிந்தன. ‘கரு கலைந்தபின் எத்தனை நாள் ரத்தம் போகும்’ என்பது முதல் வரி. தேடியவர் யார் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அவர் அப்போதுதான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் அடுத்த எழுத்தைத் தட்டினாள்.

மறைநிலைத் தாவல் தடுப்பது இந்தச் சங்கடத்தைத்தான், இதை மட்டும்தான். சாளரத்தை மூடியதும் நம் முன்னால் இருக்கும் கருவியிலிருந்து தேடல் வரலாறும், இணையதளங்கள் நம்மை அடையாளம் காண விட்டுவைக்கும் குக்கிகள் என்ற சிறு கோப்புகளும் போய்விடும். கேள்வி போய்ச் சேர்ந்த மறுமுனையில், எந்த ஐபி முகவரியிலிருந்து (நம் இணைய இணைப்புக்குரிய எண்), எந்த நேரத்தில், என்ன கேட்கப்பட்டது என்பது பதிவாவதை அது தடுப்பதில்லை. இதை மையமாக வைத்தே 2020இல் கலிஃபோர்னியாவில் கூகுள்மீது வழக்குத் தொடரப்பட்டு, 2024 ஏப்ரலில் சமரசமானபோது, மறைநிலையில் உலாவியவர்கள் தொடர்பான நூற்றுக்கணக்கான கோடிப் பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. அவற்றைத் தனிநபர்களோடு தாங்கள் இணைத்ததே இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். அது உண்மையாகவே இருக்கட்டும். எதுவுமே சேர்வதில்லை என்று நம்பியவர்களுக்கு, அழிப்பதற்கு அத்தனை இருந்தது என்பதே செய்தி.

பெயர் இல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு 2006 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனம், ஆய்வாளர்களுக்கு உதவுவதாக எண்ணி, ஏறக்குறைய 6,50,000 பேர் மூன்று மாதங்களில் தேடிய இரண்டு கோடித் தேடல்களைப் பெயர்களை நீக்கிவிட்டு, ஆளுக்கு ஓர் எண் கொடுத்துப் பொதுவெளியில் வைத்தது. சில நாட்களிலேயே நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் அந்த எண்களில் ஒன்றைப் பின்தொடர்ந்து, அதற்குரிய மூதாட்டியின் வீட்டுக்கே போய்விட்டார்கள். ஊர்ப் பெயர், உறவினரின் குடும்பப் பெயர், விரல் மரத்துப்போவது, வளர்ப்பு நாயின் தொல்லை என்று தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத கேள்விகள், ஒரே எண்ணின் கீழ் சேர்ந்ததும் ஓர் ஆளாகிவிட்டன. கணவனிடமும் மருத்துவரிடமும் சொல்லாததைத் தேடல் பெட்டியில் சொல்கிறோம்; அதுவும் சுற்றிவளைக்காமல் சொல்கிறோம்.

இந்த இடத்தில் எங்கள் பழைய நூலகச் சீட்டு முறை நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஓர் அட்டை இருக்கும். வாசகர் புத்தகத்தை எடுக்கும்போது அந்த அட்டையை அவருடைய சீட்டுப் பைக்குள் செருகித் தேதிவாரியாகத் தட்டில் அடுக்குவோம். புத்தகம் திரும்பியதும் அட்டை புத்தகத்துக்குள்ளும், சீட்டு வாசகர் கைக்கும் போய்விடும். கடைசிப் பக்கத்தில் தேதி முத்திரை மட்டும் மிஞ்சும். யார் எடுத்தார் என்பதற்கு எங்களிடமே சுவடு இருக்காது. குஷ்டம் பற்றிய நூலை எவர் எடுத்தார் என்று ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் என்னிடம் துருவியபோது, ‘தெரியாதுங்க’ என்று பொய் சொல்லாமலேயே சொல்ல முடிந்தது. சேவைக்குத் தேவையான காலம்வரை தெரிந்துகொள், முடிந்ததும் மறந்துவிடு என்பதே அந்த முறை. தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும்போதும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் கருத்து.

அப்படி மறப்பதாக உறுதி சொல்பவை சில இருக்கின்றன. 2008இல் தொடங்கப்பட்ட டக்டக்கோ, தேடலை ஐபி முகவரியோடு சேர்த்து வைத்துக்கொள்வதில்லை என்கிறது. சைக்கிள் என்று தேடினால் சைக்கிள் விளம்பரம் வரும், நேற்று தேடியதை வைத்து இன்று வராது. நெதர்லாந்தின் ஸ்டார்ட்பேஜ், நம் கேள்வியைத் தன் பெயரில் கூகுளிடம் கேட்டு விடையை வாங்கித் தரும் இடைத்தரகராகவே வளர்ந்தது. 2021இல் வந்த பிரேவ் தேடுபொறி இணையப் பக்கங்களுக்குத் தனக்கென்று ஓர் அட்டவணையை உருவாக்கியிருக்கிறது. இவற்றைக் கண்மூடி நம்பச் சொல்லவில்லை. டக்டக்கோ தன் முடிவுகளுக்குப் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியையே சார்ந்திருக்கிறது; அந்த ஒப்பந்தத்தால், டக்டக்கோ தனியே வழங்கும் உலாவி (பிரவுசர்) மைக்ரோசாஃப்டின் சில கண்காணிப்புநிரல்களுக்கு வழிவிட்டதை 2022 மே மாதம் ஓர் ஆய்வாளர் அம்பலப்படுத்தினார். தேடுபொறியில் அல்ல, உலாவியில்தான். பிறகு தடையை விரிவாக்கினார்கள். என்றாலும், அதுவரை அதைப் பளிச்சென்று சொல்லியிருக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஸ்டார்ட்பேஜில் விளம்பரத் தொழில் நிறுவனமான சிஸ்டம்1 முதலீடு செய்தது 2019இல் வெளியானபோதும் இதே போன்ற கேள்விகள் எழுந்தன.

தமிழில் தேடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். நான் ஓராண்டுக்கு மேலாக டக்டக்கோவை வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் குறை தெரியவில்லை. ஆனால் ‘பட்டா பெயர் மாற்றம்’ போன்றவற்றைத் தமிழில் தட்டினால் கூகுள் முதல் வரியில் தருவதற்கு இங்கே கீழே இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. அத்தகைய தேடலுக்குக் கூகுளுக்கே போகிறேன். பட்டாவில் எனக்கு ரகசியம் எதுவும் இல்லை. உடம்பு, பணம், குடும்ப வழக்கு ஆகியவற்றை அங்கே கொண்டுபோவதில்லை, அவ்வளவுதான். கூகுளை விடவே முடியாது என்பவர்கள், கணக்கில் ‘எனது செயல்பாடு’ பக்கத்தைத் திறந்து, மூன்று மாதத்துக்கு மேல் பழையவை தானாக அழியும்படி அமைத்துக்கொள்ளலாம். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும், முடிவைச் சொடுக்கி உள்ளே போன பிறகு அந்த இணையதளம் என்ன எழுதி வைக்கிறது என்பதைத் தேடுபொறி தடுக்காது.

இவ்வளவு எளிய மாற்றத்தைப் பலர் செய்யாததற்கு அறியாமை மட்டும் காரணம் அல்ல. சென்னை ஐஐடியில் படித்து, கூகுளின் விளம்பரப் பிரிவுக்கே தலைவராக இருந்த ஸ்ரீதர் ராமசாமி அங்கிருந்து விலகி, 2019இல் நீவா என்ற விளம்பரமற்ற தேடுபொறியைத் தொடங்கினார். 2023 ஜூனில் அது மூடப்பட்டது. தேடுபொறியைக் கட்டுவதைவிட மக்களை மாறச் செய்வதே கடினமாக இருந்தது என்று மூடும்போது சொன்னார்கள். கருவியில் முதலில் எது இருக்கிறதோ அதுவே கடைசிவரை இருக்கிறது. அந்த முதலிடத்துக்காகக் கூகுள் 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்தது. அந்த வழக்கில்தான் 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடலில் அந்நிறுவனம் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்து வந்தது என்று தீர்ப்பளித்தார். இங்கேயும் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்த பிறகு, புதிய ஆண்ட்ராய்டு கைபேசியை முதன்முறை இயக்கும்போது தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் திரை இந்தியர்களுக்கும் வரும் என்று கூகுள் 2023 ஜனவரியில் அறிவித்தது. ஆனால் நம் ஊரில் புதுக் கைபேசியைப் பெட்டியிலிருந்து எடுத்து, எல்லாத் திரைகளையும் கடகடவென்று தள்ளிவிட்டு, ‘ரெடி சார்’ என்று நீட்டுபவர் கடைப் பையன். அந்தத் திரையை வாங்கியவர் பார்ப்பதே இல்லை.

ஆகவே, தனிநபர்களைவிடப் பொதுக் கணினிகளை வைத்திருப்பவர்களிடம்தான் என் கோரிக்கை. நூலகங்களிலும் கல்லூரிக் கணினி அறைகளிலும், பதிவு வைக்காத ஒரு தேடுபொறியை, திறந்ததும் தானாக வரும் முதலிருப்பாக வைத்து, உலாவியை மூடும்போது வரலாறு அழியும்படி செய்ய ஒரு கணினிக்கு ஐந்து நிமிடம் போதும். நானே எங்கள் கிளையில் அந்தச் சம்பவத்துக்கு மறுநாள்தான் செய்தேன். முன்பே செய்யாமல் போனது என் தவறு.

தாங்கள் திருத்தம் வெளியிடுவதானால் நீளமாக ஒன்றும் வேண்டாம். ‘யாருக்கும் தெரியாது’ என்ற இடத்தில், ‘அதே கணினியில் அடுத்து உட்காருபவருக்குத் தெரியாது’ என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.